என் எண் தெரிந்த பெட்டி

சுற்றறிக்கை ஒன்றரைப் பக்கம்.
பயிற்சிக்காக வெளிநாடு செல்லும் அலுவலர்
சொந்தக் கைபேசி, சொந்த மடிக்கணினி
எதையும் எடுத்துச் செல்லலாகாது.
துடைத்த கருவியை அலுவலகமே தரும்.
திரும்பியதும் ஒப்படைக்க வேண்டும்.
கீழே முத்திரை,
முத்திரையில் பாதிக்கு மசி இல்லை.

தந்தார்கள்.
கறுப்பு. உள்ளே ஒரு பெயரும் கிடையாது.
வேறொருத்தியின் புதுச் செருப்பு மாதிரி
எங்கேயும் கடிக்கவில்லை,
என்னுடையதாகவும் இல்லை.

சிக்கல் என்னவென்றால்
கபிஸ்தலத்துக்குத் தெற்கே
ஒன்றேகால் ஏக்கரில் குறுவை,
நட்டுப் பன்னிரண்டு நாள்.
போர்செட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு பெட்டி,
பெட்டிக்குள் ஒரு சிம்.
என் எண்ணைத் தவிர
யார் கூப்பிட்டாலும் எடுக்காது.
கையால் போடலாம்தான்,
அந்த ஒயரை எலி தின்றுவிட்டது.
இன்னொரு எண்ணைச் சேர்க்கலாம்தான்,
அதற்குக் கம்பெனி ஆள் வரவேண்டும்.
கம்பெனி ஆள் தேசிங்கு
சித்திரையிலிருந்து சொல்கிறான்:
"நாளைக்கு வந்துர்றேங்க மேடம்."

ஆகவே என் பழைய போனை
இரண்டு சேலைகளுக்கு நடுவே செருகினேன்.
பாட்டரி உள்ளது பெட்டியில் போகக்கூடாதாம்.
எடுத்துக் கைப்பையில்,
நாப்கின் பொட்டலத்துக்குள் வைத்தேன்.
இணை இயக்குநர் மேகலா அங்கே தேடமாட்டார்.

திருச்சியில் எல்லாம் தட்டுக்கு வந்துவிட்டது.
நல்லவேளை, அவர் முன்னால் போயிருந்தார்.
"ரெண்டு போனா?" என்றாள் சீருடைக்காரி.
"ஒண்ணு கவர்மெண்டோடது."
"இன்னொண்ணு?"
"வயலோடது."
சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டாள்.

சைகோனில்
திரையில் அவர்கள் ஆற்றைக் காட்டினார்கள்.
கடலுக்குப் போக எத்தனை வாய்!
"உங்கள் ஆறு எப்படி?" என்றான் மொழிபெயர்ப்பவன்.
மேட்டூர் எத்தனை அடி என்று
தினமும் பேப்பரில் பார்ப்போம் என்றேன்.
அதை அவன்
நெடுநேரம் மொழிபெயர்த்தான்.

ஊரில் இரவு பத்துக்கு மும்முனை வரும்.
இங்கே பதினொன்றரை.
மேகலா மேடம் தூங்கியதும்
குளியலறைக் கதவைச் சாத்தி,
சத்தம் கேட்காமலிருக்கக்
குழாயைத் திறந்துவிட்டு
அழைத்தேன்.
எடுத்தது.

*வணக்கம். மும்முனை மின்சாரம் உள்ளது.
இயக்க ஒன்றை அழுத்தவும்.*

அழுத்தினேன்.
அங்கே, இருட்டில், ஆளில்லாக் கொட்டகையில்
குழாய் இருமியிருக்கும்,
காற்றைத் துப்பியிருக்கும்,
துருநிறத்தில் கொஞ்சம்,
பிறகு தெளிந்து.
இங்கே வாளி நிரம்பி
என் கால்மேல் வழிந்தது.

ஆறாம் நாள் காலை
பக்கத்து வயல் மாசிலாமணியின் செய்தி:
"அக்கா ராத்திரி இடியோட மழ.
ஒங்க வயலு ரொம்பி எங்க வயலும் ரொம்பிருச்சி.
இதுல மோட்டார் வேற ஓடுது.
மடைய வெட்டி விட்டுட்டேன்.
அங்க வெயிலா?"

அந்தக் குரலுக்கு மின்சாரம் தெரியும்.
மழை தெரியாது.

அன்றிரவு கூப்பிட வேலையே இல்லை.
கூப்பிட்டேன்.
ஒரு வாரமாக யாரும் என்னிடம்
முழு வாக்கியமாகத் தமிழில் பேசியிருக்கவில்லை,
மேகலா மேடம் தூக்கத்தில் பேசுவதைக்
கணக்கில் சேர்க்காவிட்டால்.

*இயக்க ஒன்றை அழுத்தவும்.*
விரலைத் தூரத்தில் வைத்துக்கொண்டேன்.
*நீங்கள் எதையும் அழுத்தவில்லை.*
ஆமாம் என்றேன்.
மறுபடி முதலிலிருந்து சொன்னது,
கோபமில்லாமல்.

தஞ்சாவூரில் கறுப்புப் போனை ஒப்படைத்தேன்.
கிளார்க் திறந்து பார்த்தார்.
அழைப்பு இல்லை. படம் இல்லை.
"யூஸே பண்ணலையா மேடம்?"
"ரொம்ப நல்ல போன்" என்றேன்.
'விதிமீறல் ஏதும் உண்டா' என்ற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு போட்டேன்.

பத்தொன்பதாம் தேதி ரோமிங் பில் வந்தது.
இரண்டு மூட்டை டி.ஏ.பி. விலை.

தேசிங்கு
நாளைக்கு வருகிறானாம்.